வடத்தின் நுனியில் ஒரு சங்கிலி

அந்தக் கல்லுமேல உக்காராதீங்க சார். எழுந்திருங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்லை, நிழல்ல பெஞ்சு மாதிரி நீளமாக் கெடக்கு, யாருக்கும் உக்காரத்தான் தோணும். ஆனா அதை யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு. அதோ வேப்பமரத்தடியில நாற்காலி போட்டுத் தூங்குறார் பாருங்க போலீஸ்காரர், அவர் கண்ணு முழிச்சா திட்டு எனக்குத்தான் விழும். இப்படி மண்டபத்துப் பக்கம் வந்துடுங்க. நான் குஞ்சிதபாதம். பொதுப்பணித் துறையில வரைபடம் போடற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். திருக்கொன்றையூர்க் கோயிலைப் பத்தி யார் வந்து கேட்டாலும் என்னைத்தான் கை காட்டுவாங்க. கரும்புச்சாறு குடிக்கறீங்களா? ஏம்ப்பா, ரெண்டு போடு. எனக்கு ஐஸ் வேண்டாம், டம்ளர் நெறைய சாறா ஊத்து.

என்ன கேட்டீங்க? கிரேன் இல்லாத காலத்துல இவ்வளவு பெரிய கல்லையெல்லாம் எப்படி மேல ஏத்தினாங்கன்னா? நீங்க மரியாதையாக் கேக்கறீங்க, சொல்லலாம். போன மாசம் ஒருத்தன் வந்தான், குச்சியில ஃபோனை மாட்டிக்கிட்டு. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத் தானாவே பேசிக்கறான், இதை மனுஷன் கட்டியிருக்க வாய்ப்பே இல்லை, வேற்றுக்கிரகத்துலேர்ந்து யாரோ வந்து கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு. நம்ம ஆளு வேர்வை சிந்திக் கட்டினதை எங்கேயோ கெடக்கற பச்சை உடம்புக்காரன் வந்து கட்டினான்னு சொன்னா வயிறு எரியாதா? மொதல்ல செருப்பைக் கழட்டிட்டு வந்து பேசுடான்னு துரத்திவிட்டேன்.

விஷயம் ரொம்பச் சுலபம் சார். மண்ணு. வெறும் மண்ணுதான். சுவர் ஒரு ஆள் உயரம் எழும்பினா அதுக்கு முன்னாடி மண்ணைக் கொட்டி அதே உயரத்துக்குச் சாய்வா ஒரு பாதை போடறது. சுவர் ஏற ஏற மண்ணும் ஏறும். சாய்வு நீள நீள இழுக்கறது லேசாகும். கல்லுக்கு அடியில உருட்டுக்கட்டை, முன்னால கயிறு, பின்னால கல்லு வழுக்காம இருக்க முட்டுக்கட்டை. எல்லாம் முடிஞ்சதும் மண்ணை வெட்டி எடுத்துட்டா கோபுரம் மட்டும் நிக்கும், பார்க்கறவன் வாயைப் பொளப்பான். இதை நான் கணக்குப் போட்டுப் படம் வரைஞ்சு எத்தனையோ கூட்டத்துல பேசியிருக்கேன். பொன்னாடையே பீரோவுல ஒரு தட்டு நெறைய இருக்கு.

யார் இழுத்தாங்கன்னு கேக்கறீங்களா? ஜனங்கதான். ராஜா சொன்னார், ஜனங்க வந்தாங்க, பக்தியா இழுத்தாங்க. அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? அந்த பக்தி இப்ப எங்க போய்த் தொலைஞ்சதுங்கறதுதான் என் வயித்தெரிச்சல். சொல்றேன் கேளுங்க, அந்தக் கல்லு ஏன் அங்க கெடக்குன்னும் அதுலயே தெரிஞ்சுடும்.

அங்க பாருங்க, கோபுர வாசல். மேல படுத்திருக்கற உத்தரக் கல்லு நடுவுல விரிசல் விட்டிருக்கு பாருங்க, இரும்புக் கம்பம் நட்டு முட்டுக் குடுத்திருக்கு. ஐப்பசியில இடி விழுந்து அப்படி ஆச்சு. கும்பாபிஷேகம் வர்ற நேரம். தர்மகர்த்தா சிங்காரவேலு குவாரியில சொல்லிப் புதுக் கல்லு அடிக்கச் சொல்லிட்டார். அதுதான் நீங்க உக்காந்தீங்களே, அந்தக் கல்லு. குவாரிக்காரங்க ட்ரெய்லர்ல கொண்டாந்து அவங்க மெஷினை வெச்சே தெருவுல இறக்கிட்டுப் போயிட்டாங்க. இறக்கறது பெரிசில்லை சார். ஏத்தறதுல இருக்கு வித்தை.

ஏத்தறதுக்குன்னு கிரேன்கார பையன் ஒருத்தனை வரவழைச்சார் தர்மகர்த்தா. காதுல எதையோ சொருகிக்கிட்டு வந்தான். வாசலை ஒரு பார்வை, கல்லை ஒரு பார்வை. காலையில ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடலாங்கறான், பபிள்கம்மை மென்னுக்கிட்டே. எனக்குச் சீன்னு ஆயிடுச்சு. ஆயிரம் வருஷம் நின்ன வாசலுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடியாம். அன்னிக்கு ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டேன். இந்தக் கோயிலைக் கட்டின ராஜா கிரேனை வாடகைக்கு எடுத்தாரா? அவர் ஏத்தின மாதிரியே ஏத்துவோம், நான் படம் போட்டுத் தர்றேன், நாடே திரும்பிப் பார்க்கும்னேன். கைதட்டு சார், அப்படி ஒரு கைதட்டு. தர்மகர்த்தாவும் தட்டினார், அவருக்குக் கிரேன் செலவு மிச்சம்.

வேலை ஆரம்பிச்சோம். தெருவுலேர்ந்து வாசல் உச்சி வரைக்கும் மண்ணு சாய்வு. ஜேசிபி வெச்சுத்தான் கொட்டினோம். சிரிக்காதீங்க. மண்ணு கொட்டறதுக்கு மெஷின் வெச்சா அதுல தப்பில்லை, கல்லு ஏறறதுதான் விஷயம். பனந்தடியைச் சீவி உருட்டுக்கட்டை பண்ணோம். மேல வாசலுக்கு உள்பக்கம் ஒரு பெரிய மரத்தை ஆழமா நட்டு, கயிறை அதைச் சுத்தித் திருப்பித் தெருவுக்கே கொண்டாந்தேன். அப்பத்தான் ஜனங்க தெருவுலயே நின்னு இழுக்கலாம், கல்லு மட்டும் மேல போகும். என் மூளை சார் அது.

கயிறுதான் தொந்தரவு குடுத்தது. கடையில வாங்கின கயிறு சும்மா இழுத்து விறைப்பாக்கிப் பார்க்கறப்பவே பட்டுனு அறுந்து டீக்கடைக் கண்ணாடிப் புட்டி அத்தனையும் காலி. அதைவிட மொத்தமான கயிறு ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, தேர் வடம். கல்லுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை தெரியுதே, அதுக்குள்ளதான் தேர் நிக்குது. வடமும் அங்கதான் சுருட்டி வெச்சிருக்கும். அதை எடுக்கலாமான்னு தர்மகர்த்தா கொஞ்சம் தயங்கினார். சாமி காரியந்தானேன்னேன். சூடம் காட்டி எடுத்தோம்.

அந்த வடத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். பங்குனியில தேரன்னிக்கு அதைத் தொடறதுக்கு எங்க தெருவுல அடிதடியே நடக்கும். மொதல்ல யார் கை வைக்கறது, யாருக்கு அடுத்து யார், எல்லாம் வீட்டுக்கு வீடு முறை இருக்கு. கை வெச்சவன் வீட்டுல அந்த வருஷம் நல்லது நடக்கும்னு ஐதீகம். அப்புறம் தெருக்கோடியில ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் தெரியுதா? அதுக்கு அந்தாண்ட காலனி. தேரன்னிக்கு அவங்க அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் வந்து நின்னு சாமி பார்ப்பாங்க. அதைத் தாண்டி வர்றதில்லை, வடத்தைத் தொடறதில்லை. வழக்கம் அப்படி. எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் கெடையாது சார், ஆபீஸ்ல எல்லாரோடயும் ஒண்ணா வேலை பார்த்தவன். ஆனா உள்ளதைச் சொல்லணும், அங்க நின்னா நல்லாத் தெரியும். ஒரு குறையும் இல்லை.

மொத நாள் இழுப்பு. மேளம், நாதஸ்வரம், பேப்பர்க்காரன் எல்லாம் வந்தாச்சு. எங்க தெரு ஆம்பளைங்க அத்தனை பேரும் வடத்துல கை வெச்சாங்க. நான் மேட்டுல நின்னு துண்டை வீசினேன். கல்லு அசைஞ்சுது சார். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அந்த ராஜா எங்கேர்ந்தோ என்னைப் பார்க்கற மாதிரி இருந்தது.

அப்புறம் வெயில் ஏறிச்சு. ஒருத்தருக்கு பேங்க்ல வேலையாம். ஒருத்தருக்குக் குடலிறக்க ஆபரேஷனாம், கனம் தூக்கக் கூடாதாம், வடத்தைப் பிடிச்சு ஃபோட்டோ எடுத்தப்புறம்தான் அது ஞாபகம் வந்திருக்கு. இளவட்டங்க வடத்தைத் தோள்ல போட்டு ஆளாளுக்குப் படம் எடுத்து, அதை உலகத்துக்கே அனுப்பிட்டு, சொல்லாம கொள்ளாம நழுவிட்டானுங்க. மிச்சம் நின்னதுல பாதி தொந்தி. இழுக்கறப்போ மூச்சு வாங்குதே தவிர கல்லு வரலை. பக்கத்துல நிக்கறவன் இழுப்பான்னு இவன் நம்பறான், இவன் இழுப்பான்னு அவன் நம்பறான். பார்க்கவே அருவருப்பா இருந்தது. தேரன்னிக்கு ஒருத்தன் சட்டையை ஒருத்தன் கிழிச்சுக்கிட்டு ஓடி வந்து பிடிக்கற அதே வடம் சார், கல்லுன்னதும் கை வலிக்குது. மறுநாள் மேளக்காரர்தான் மொத ஆளா வந்தார். அதுக்கு மறுநாள் அவரும் வரலை.

கல்லு சாய்வுல பாதியில நிக்குது. முட்டுக்கட்டையைக் குடுத்து நிறுத்தி வெச்சிருக்கோம். பேப்பர்ல என் படம் வந்தாச்சு. மாவட்டத்துலேர்ந்து பெரிய ஆளுங்க எல்லாம் கல்லு ஏறினப்புறம் வந்து பார்க்கறோம்னு சொல்லியாச்சு. எனக்குத் தூக்கமே இல்லை. அப்பத்தான் டீக்கடையில ஒருத்தர் சொன்னார், காலனிக்குச் சொல்லிவிட்டா என்ன, அவங்களுக்குத்தான் இதுக்கெல்லாம் உடம்பு வாகுன்னு. அத்தனை பேரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்க. இவ்வளவு நாளா இது தோணாமப் போச்சேன்னு தர்மகர்த்தாவே சொன்னார். நானே போய்க் கூப்பிடறேன்னேன். ஒரு மனுஷன் அவ்வளவு இறங்கிப் போறதுன்னா சும்மாவா?

அங்க ஜீவரத்தினம்னு ஒருத்தன். லோடு ஆட்டோ வெச்சிருக்கான், காலனியில அவன் சொன்னாக் கேப்பாங்க. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். கலர் சோடா வாங்கியாந்து உடைச்சுக் குடுத்தான். எனக்குச் சர்க்கரை இருக்கு, வேணாம்னு சொல்லி அப்படியே வெச்சுட்டேன். இந்தக் கரும்புச்சாறு நல்லாருக்கு இல்லே? எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாப் பிழிவான், அதான் ருசி.

அவங்க அப்பா மூக்கன் கட்டில்ல உக்காந்திருந்தான். என்னைவிடப் பத்து வயசு மூத்தவன் இருக்கும், கண்ணு சரியாத் தெரியாது. தேரன்னிக்குத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ட்ரான்ஸ்ஃபார்மர்கிட்ட காலையிலயே வந்து நின்னுடுவான், எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா. ஜனங்க கூடிட்டாங்க. நான் சும்மா வந்து இழுங்கன்னு கூப்பிடலை சார். சரித்திரம் சொன்னேன். மண்ணு சாய்வு, உருட்டுக்கட்டை எல்லாத்தையும் விளக்கினேன். இந்தக் கோபுரத்துல இருக்கற ஒவ்வொரு கல்லும் உங்க பாட்டன் பூட்டன் இழுத்து ஏத்தினது, நீங்க இல்லேன்னா இந்தக் கோயிலே இல்லைன்னேன். எவனாவது அவங்ககிட்ட இதைச் சொல்லியிருப்பானா? நான் சொன்னேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு ஜீவரத்தினம், எந்தக் கயிறு சார்னு கேட்டான்.

தேர் வடந்தான்னேன்.

"எங்க பாட்டன் பூட்டன் இழுத்தாங்கன்னு சொல்றீங்களே சார், அப்ப அவங்க வடத்தைத் தொட்டிருக்காங்க. எந்த வருஷத்துலேர்ந்து தொடக்கூடாதுன்னு ஆச்சு?"

பாருங்க கேள்வியை. அதெல்லாம் கல்வெட்டுல இல்லைப்பான்னேன். உண்மையிலயே இல்லை சார், நான் எல்லாத்தையும் படிச்சிருக்கேன். எத்தனை ஆடு, எத்தனை விளக்கு, எவ்வளவு நெய்யின்னு இருக்கு. கல்லை இழுத்தவன் பேர் ஒண்ணுகூட இல்லை. எதுக்கு இருக்கணும்?

அவன் விடலை. கூலி ஒண்ணும் வேண்டாம் சார், காலனி மொத்தமும் வர்றோம், பொம்பளைங்களும் வருவாங்க, கல்லு மேல போய் உக்கார்ற வரைக்கும் இழுக்கறோம், ஆனா வர்ற பங்குனியில அதே வடத்தைப் பிடிச்சுத் தேரையும் இழுப்போம், இதைத் தர்மகர்த்தா கோயில் வாசல்ல நின்னு சொல்லட்டும்னான். மூக்கன் அந்த நேரம் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எழுந்து நின்னான்.

எனக்கு வெறுத்துப் போச்சு. சாமி காரியத்துக்குக் கூப்பிட வந்தா பேரம் பேசறான். இவன் பாட்டன் ராஜாகிட்டப் போய், தேரைக் குடுத்தாத்தான் கல்லு இழுப்பேன்னு சொல்லியிருப்பானா? சொல்லியிருந்தா கோபுரம் நின்னிருக்குமா? பொறியியல் சார் இது. இதுல போய் அரசியலைக் கலந்தா எப்படி? சரி, பேசிட்டுச் சொல்றேன்னு எழுந்து வந்துட்டேன்.

தெருவுல வந்து சொன்னேன், பத்திக்கிச்சு. காலனிக்காரங்க வந்து கல்லு இழுக்கறதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதை நீங்க நல்லாக் கவனிக்கணும், நாங்க ஒண்ணும் அந்தக் காலத்து ஆளுங்க இல்லை. வடந்தான் பிரச்சினை. ஒரு தடவை தொட்டுட்டா அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுத் தேரன்னிக்குத் தடுக்கறதுன்னு தர்மகர்த்தா கேக்கறார். குடலிறக்கக்காரர் எல்லாரையும்விடச் சத்தமாக் கத்தினார். கத்தறதுக்கு மட்டும் டாக்டர் தடை சொல்லலை போல. இந்தப் பக்கம் அவங்க, அந்தப் பக்கம் இவங்க, நடுவுல கல்லு. அவனவன் கௌரவம் அவனவனுக்கு. என் கல்லைப் பத்தி நினைக்க ஒரு நாதியில்லை.

ராத்திரி முழுக்க யோசிச்சேன் சார். காலையில எழுந்ததும் படத்தைப் போட்டுட்டேன். ரொம்பச் சுலபம். வடத்தோட நுனியில ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்துலேர்ந்து நீளமா ஒரு இரும்புச் சங்கிலி. முன்னால எங்க ஆளுங்க வடத்தைப் பிடிக்கறது, பின்னால காலனி ஆளுங்க சங்கிலியைப் பிடிக்கறது. ரெண்டு பேர் பலமும் ஒரே கல்லுக்குப் போகுது. வடத்தை அவங்க தொடலை, இழுக்காமலும் இல்லை. எவ்வளவு நயமான ஏற்பாடு பாருங்க. எங்க ஆளுங்க ஒப்புக்கிட்டாங்க. தர்மகர்த்தா என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, மூளைன்னா இதான்யா மூளைன்னார். லாரிப்பட்டறையில சொல்லி அன்னிக்கே சங்கிலி வாங்கியாச்சு.

ஜீவரத்தினத்துக்கு ஃபோன் போட்டு, எல்லாம் பேசி முடிச்சாச்சு, காலையில எல்லாரையும் கூட்டிக்கிட்டு வான்னேன். வடந்தானே சார்னு கேட்டான். வா, வந்து பாருன்னு வெச்சுட்டேன். ஃபோன்ல விளக்கற சமாசாரமா அது? படத்தை வெச்சு விளக்கினாத்தான் புரியும்.

வந்தாங்க சார். மொத்தக் காலனியும் வந்தது. வேலைக்கு வர்ற மாதிரியா வந்தாங்க? தலைக்குக் குளிச்சு, பொம்பளைங்க பூ வெச்சு, குங்குமம் வெச்சு, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வந்தாங்க. மூக்கன் கோடி வேட்டி கட்டியிருந்தான், மடிப்புக்கூடக் கலையலை. ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு ட்ரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினான். தாண்டினப்போ செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டான். எங்க தெருவும் வாசல் வாசலா நின்னு பார்த்துக்கிட்டிருக்கு.

நான் படத்தைப் பிரிச்சு விளக்க ஆரம்பிச்சேன். யாரும் படத்தைப் பார்க்கலை. ஜீவரத்தினம் வளையத்தையே பார்த்துக்கிட்டு நின்னான். அதுக்கு இந்தாண்ட வடம், சந்தனம் தெளிச்சு மஞ்சளா இருக்கு. அந்தாண்ட சங்கிலி, பட்டறை மசகு அப்படியே ஒட்டிக்கிட்டுக் கருப்பாக் கெடக்கு. அதைத் துடைக்கச் சொல்லியிருக்கணும், ஒப்புக்கறேன், அவசரத்துல விட்டுப்போச்சு.

மூக்கன்தான் குனிஞ்சான். கண்ணு சரியாத் தெரியாதே, தடவிப் பார்த்தான். சங்கிலியைக் கையில எடுத்துக் கனம் பார்த்துட்டுச் சத்தம் வராம கீழ வெச்சான். கையெல்லாம் மசகு. அதைக் கோடி வேட்டியில துடைச்சுக்கிட்டான்.

"இது எங்களுக்கா சாமி?"

ஆமாம் மூக்கா, ஆனா ரெண்டும் ஒரே கல்லைத்தான் இழுக்குது, ஒரு வித்தியாசமும் இல்லைன்னேன்.

"வித்தியாசம் இல்லேன்னா மாத்திக்குவமா சாமி? சங்கிலியை நீங்க புடிங்க, வடத்தை நாங்க புடிக்கறோம்."

ஒருத்தராவது பதில் சொல்லணுமா இல்லையா? தர்மகர்த்தா என்னைப் பார்க்கறார். நான் படத்தைப் பார்க்கறேன். மூக்கன் அவசரப்படலை, பதில் வரும்னு நின்னுக்கிட்டே இருந்தான். அப்புறம் மகன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுத் திரும்பினான். அத்தனை பேரும் திரும்பிட்டாங்க. ஒரு சண்டை இல்லை, ஒரு வசவு இல்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். அப்படி வாயை மூடிக்கிட்டுப் போறது என்ன மரியாதை? வெயில்ல மேட்டுல நின்னு தொண்டை வறளக் கத்தினவன் நான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத் தெரியலை பாருங்க.

அவங்க போனதும் எங்க ஆளுங்களுக்கு ரோஷம் வந்துடுச்சு. நாமளே இழுப்போம், அவங்க என்ன ஒசத்தின்னு அத்தனை தொந்தியும் ஓடி வந்தது. இப்பக் கேளுங்க கூத்தை. இழுக்க ஆள் நெறைய, பிடிக்க எடம் பத்தலை. பாதிப் பேர் சங்கிலியைப் பிடிச்சா அத்தனை பேருக்கும் எடம் கெடைக்கும், படத்துல அப்படித்தான் இருக்கு. ஒருத்தன் சங்கிலியைத் தொடலை சார். அது காலனிக்கு வாங்கினதாம். சங்கிலியைப் பிடிங்கய்யான்னு மேட்டுலேர்ந்து காட்டுக் கத்தலாக் கத்தறேன், எவனும் காதுல போட்டுக்கலை. ஒருத்தன் கால்மேல ஒருத்தன் ஏறிக்கிட்டு வடத்துலயே முண்டறானுங்க. பின்னால சங்கிலி சும்மாத் தெருவுல இழுபட்டுக்கிட்டு வருது, கலகலன்னு.

கல்லு ஏறத்தான் செஞ்சது. இன்னும் கொஞ்சம் இழுத்தா வாசல் உச்சி. முட்டுக்கட்டையை மாத்தறதுக்காக எடுத்திருக்காங்க. அந்த நேரம் பார்த்து இழுபட்டு வந்த அந்தச் சங்கிலி யாரோ ஒருத்தன் கால்ல சுத்தி அவன் விழுந்தான், அவன்மேல பின்னால நின்னவன் விழுந்தான், வரிசையா எல்லாரும் வடத்தை விட்டுட்டானுங்க. கல்லு சாய்வுல இறங்கி வந்த சத்தம் இருக்கே, இன்னும் என் காதுல இருக்கு. ஒரு உசிருக்கும் சேதமில்லை, அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்தினார். தர்மகர்த்தாவோட ஸ்கூட்டர் அப்பளமாப் போச்சு. கல்லு நேரா வந்து அங்கதான் நின்னது, தேர்க்கொட்டகை வாசலை அடைச்சுக்கிட்டு. அது நகந்தாத்தான் தேர் வெளிய வரும்.

அப்புறம் என்ன? காலனி மனு குடுத்தது. எங்க தெருவும் மனு குடுத்தது. அதிகாரிங்க வந்தாங்க, சமாதானக் கூட்டம் போட்டாங்க, காப்பி குடிச்சாங்க. ஜீவரத்தினம் அங்கயும் அதேதான் சொன்னான், வடம்னா வடம். பேசி முடியற வரைக்கும் தேர் ஓடக்கூடாது, கல்லு இருக்கற எடத்துல இருக்கணும், ரெண்டு தரப்புல யாரும் அதைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. பங்குனி வந்தது, போச்சு. கொட்டகைக்குள்ளேயே தேருக்குச் சூடம் காட்டினோம். கிரேன்கார பையன் ஒரு நாள் பைக்ல இந்த வழியா வந்தான். வண்டியை நிறுத்திக் கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பபிள்கம்மை மென்னுக்கிட்டே போயிட்டான்.

எப்படி ஏத்தினாங்கன்னு கேட்டீங்களே, எனக்குத் தெரியும் சார். மண்ணு தெரியும், சாய்வு தெரியும், கயிறு தெரியும். அந்த ராஜா இந்த ஜனங்களை வெச்சுக்கிட்டு எப்படித்தான் ஏத்தினார்ங்கறது மட்டும் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஒண்ணு மட்டும் பொறுக்கலை. நாலு நாள் முன்னாடி, காலை நேரம், டீக்கடையில நல்ல கூட்டம். கல்லு ஓரத்துல மெலிசா ஒரு கோடு தெரிஞ்சது. விரிசலா, காக்கா எச்சமான்னு தெரியலை. என் கல்லு சார் அது, நான் பார்க்காம யார் பார்க்கறது? குனிஞ்சு விரலை வெச்சேன். அந்தப் போலீஸ்காரர், என் மகன் வயசுகூட இல்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்காம அங்கேர்ந்தே சத்தம் போடறார்.

"யோவ் பெருசு, தொடாதேன்னா தொடாதே. தள்ளிப் போய் நில்லு."

யாரைப் பார்த்து? இந்தக் கோயில்ல எத்தனை கல்லு இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளைப் பார்த்து. எவ்வளவு தூரம் தள்ளிப் போகணும்னேன். கையை நீட்டி அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைக் காட்டறார். டீக்கடையே பார்த்துக்கிட்டிருக்கு. ஒருத்தன் வாயைத் திறந்து அவர் யார் தெரியுமான்னு கேக்கலை. உங்களுக்குச் சொன்னாப் புரியாது சார், அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். நாம ஒரு தப்பும் பண்ணலை, ஒரு திருட்டு இல்லை, பொய் இல்லை. நாலு பேர் பார்க்க ஒருத்தன் தொடாதே, தள்ளி நில்லுங்கறான். உடம்பு கூசிப் போகுது. சோறு எறங்கலை எனக்கு அன்னிக்கு. மனுஷனை மனுஷன் அப்படிச் சொல்லலாமா?

போய் நின்னேன், வேற என்ன பண்றது? அங்க மூக்கன் நின்னுக்கிட்டிருக்கான். தேர் ஓடாட்டியும் அவன் பாட்டுக்கு வந்து நிக்கறான். என் சத்தத்தை வெச்சு நான்னு கண்டுபிடிச்சிருப்பான். சிரிச்சிருந்தாக்கூட நாலு வார்த்தை திட்டியிருப்பேன். கொஞ்சம் நகந்து, நிழல் இருக்கற பக்கமா எனக்கு எடம் விட்டான். அதுதான் சார் எனக்கு ஆகவே ஆகலை.

இருட்டறதுக்குள்ள படம் எடுத்துக்குங்க. இங்கேர்ந்தே எடுங்க, கோபுரம் முழுசா வரும். வர்ற எல்லாரும் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்கிட்டப் போய் நின்னு எடுத்துப் பார்த்துட்டு ஏமாந்துதான் வர்றாங்க. அங்க போகாதீங்க சார். நானே நின்னு பார்த்துட்டேன், அங்கேர்ந்து ஒண்ணுமே தெரியாது.